ஈனும் நிலமும் எண்ணெய் நிலமும்

அலாஸ்காவின் வடகிழக்கு மூலையில், போஃபோர்ட் கடலை ஒட்டிய ஈரச் சமவெளியில் கரிபு மான்களின் கொம்புகள் சிதறிக் கிடக்கின்றன. பாசியில் பாதி புதைந்தும், வெயிலிலும் பனியிலும் வெளுத்தும் கிடக்கும் அவற்றில் பல சிறியவை, மெலிந்தவை. அவை பெண் மானின் கொம்புகள். மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது கரிபு இனத்தில்தான். கிடாக்கள் இனச்சேர்க்கைப் பருவம் முடிந்த கையோடு கொம்பை உதிர்க்கத் தொடங்கிவிடும். சினையான பெண் மான் அதைப் பனிக்காலம் முழுவதும் சுமந்து வந்து, குட்டி ஈன்ற சில நாட்களில் உதிர்க்கிறது. ஆகவே பெண் கொம்புகள் குவிந்து கிடக்கும் இடம் பேறு நடந்த இடம். அந்தக் குளிரில் எலும்பு லேசில் மக்காது. சில கொம்புகளை எடுத்து ஆய்வாளர்கள் காலக்கணிப்பு செய்து பார்த்தபோது, அவற்றின் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்று தெரிந்தது. எழுத்து இல்லாத அந்த நிலத்தில் இந்தக் கொம்புகள்தான் கல்வெட்டு.

அமெரிக்காவில் இந்த நிலத்தைப் பெரும்பாலும் ஓர் எண்ணால்தான் அழைக்கிறார்கள்: 1002 பகுதி. ஒரு சட்டத்தின் 1002ஆம் பிரிவு அதைப் பற்றிப் பேசுவதால் வந்த எண். மலைக்குத் தெற்கே வாழும் குவிச்சின் மக்கள் தங்கள் மொழியில் அதை ‘உயிர் தொடங்கும் புனித இடம்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அந்த மண்ணிலேயே வாழும் இனுப்பியாட் மக்களுக்கு அது வேட்டை நிலம், மீன்பிடி நிலம், முன்னோரைப் புதைத்த நிலம். பரப்பு சுமார் 15 லட்சம் ஏக்கர். அதன் அடியில் எண்ணெய் இருக்கலாம் என்பதால் 45 ஆண்டுகளாக வழக்கு, வாக்கெடுப்பு, ஏலம் என்று இழுபட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தச் சச்சரவை இயற்கையா எண்ணெயா என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வதுதான் வழக்கம். அப்படிச் சொல்லும்போது அங்கே வாழும் மனிதர்கள் காணாமல் போகிறார்கள். குட்டி ஈனும் அந்தக் கரை தொடப்படக் கூடாது என்பதே என் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு வர, மான்களின் கணக்கோடு மனிதர்களின் கணக்கையும் பார்த்தாக வேண்டும்.

தாய்வீட்டுப் பயணம்

போர்க்கியூபைன் ஆற்றின் பெயரால் அறியப்படும் இந்தக் கரிபுக் கூட்டம் பனிக்காலத்தை அலாஸ்காவிலும் கனடாவின் யூகான் பகுதியிலும் உள்ள ஊசியிலைக் காடுகளில் கழிக்கிறது. வசந்தத்தின் தொடக்கத்தில் சினை மான்கள் முதலில் கிளம்புகின்றன. கிடாக்களும் இளம் மான்களும் பின்னால் மெதுவாக வரும். புரூக்ஸ் மலைத்தொடரின் கணவாய்களைக் கடந்து, பனி உடைந்து ஓடும் ஆறுகளை நீந்தி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே நடக்கின்றன. போக வர 1,200 கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவை ஆண்டுதோறும் கடக்கும் கரிபுக் கூட்டங்கள்தாம் நிலத்தில் வலசை போகும் விலங்குகளில் முதலிடத்தில் இருப்பவை. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்த மான்களின் நடையும் அதுதான். ஜூன் முதல் வாரத்தையொட்டி, சில நாட்களுக்குள் பல்லாயிரம் குட்டிகள் பிறந்துவிடுகின்றன.

அவ்வளவு தூரம் நடந்து அங்கே போவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, தீனி. பனி உருகிய உடனே பஞ்சுக்கோரையின் மொட்டுகள் முளைக்கின்றன. குளிர்காலம் முழுக்க மரப்பாசியைத் தின்று எலும்பும் தோலுமாக வந்த தாய்க்கு, பால் சுரக்க வேண்டிய அந்த நாட்களில் கிடைக்கும் புரதம் மிகுந்த உணவு அது. இரண்டாவது, பகை குறைவு. ஓநாய், பழுப்புக் கரடி, பொன்னிறக் கழுகு ஆகியவை மலையடிவாரத்தில்தான் அதிகம். பிறந்த குட்டி 6 கிலோ அளவில்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும், ஓரிரு நாட்களில் தாயோடு ஓடும். ஆனால் அந்த ஓரிரு நாட்கள்தாம் கண்டம். மூன்றாவது காரணம் கொசு. ஜூன் இறுதியில் தூந்திராவில் கொசு எழும்போது மான்கள் மேய்ச்சலையே விட்டுவிட்டு ஓடும். கூடவே மூக்கில் புழு வைக்கும் ஈக்களும் வரும். தலையைத் தரையோடு தாழ்த்தி, மூக்கை மறைத்து, வெறி பிடித்ததுபோல் சுற்றும் மான்களை அங்கே காணலாம். மேய வேண்டிய நேரம் ஓட்டத்தில் போனால் தாய்க்குக் கொழுப்புச் சேராது. கொழுப்புச் சேராவிட்டால் மறு ஆண்டு சினை தங்காது. கடல் காற்று வீசும் கரையோரம் மட்டுமே அவற்றுக்கு நிம்மதி.

எல்லா ஆண்டும் ஒரே இடத்தில் ஈனுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பனி தாமதமாக உருகும் ஆண்டுகளில் பல மான்கள் வழியிலேயே, கனடா பக்கத்திலேயே ஈன்றுவிடுகின்றன. 2000, 2001 ஆண்டுகளில் அப்படித்தான் நடந்தது. அந்த ஆண்டுகளில் பிழைத்த குட்டிகள் குறைவு. 2002இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை வெளியிட்ட அறிக்கை இந்தத் தொடர்பை விரிவாக ஆராய்ந்தது. கூட்டம் நன்றாகப் பெருகிவரும் காலத்திலும்கூட, குட்டிகளின் பிழைப்பு விகிதம் சுமார் 5 சதவீதம் குறைந்தாலே பெருக்கம் நின்றுவிடும் என்பது அதன் கணிப்பு. 1989இல் 1,78,000 ஆக இருந்த கூட்டம் 2001இல் 1,23,000 ஆகச் சரிந்தது. 2017இல் 2,18,000 ஆக ஏறியது. இந்த ஏற்ற இறக்கம் இயற்கையானது. இறக்கத்தில் இருக்கும் ஆண்டுகளில் ஈனும் இடத்தையும் இழந்தால் மறுபடி ஏற முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு சட்டப் பிரிவின் கதை

1956 கோடையில் உயிரியலாளர் ஓலாஸ் மியூரி, அவர் மனைவி மார்கரெட் மியூரி இருவரும் சிறு குழுவோடு ஷீன்ஜெக் ஆற்றங்கரையில் முகாமிட்டு அந்தப் பகுதியை ஆராய்ந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த இளம் மாணவர் ஜார்ஜ் ஷாலர். பின்னாளில் கான்ஹாவில் புலிகளையும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரி வரையாட்டையும் ஆராய்ந்தவர் அவர்தான். மியூரி தம்பதியின் இடைவிடாத முயற்சியும் வேறு பலரின் குரலும் சேர்ந்து, 1960 டிசம்பர் 6 அன்று, ஐசனோவர் ஆட்சியின் கடைசி வாரங்களில், 89 லட்சம் ஏக்கர் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்றைய ஆர்க்டிக் தேசிய வனவிலங்குச் சரணாலயத்தின் தொடக்கம் அது.

அது ஒரு பெரும் சாதனை. அதில் ஒரு குறையும் இருந்தது. அந்த எல்லைக்குள் காக்டோவிக் என்ற இனுப்பியாட் ஊர் இருந்தது. தங்களைக் கேட்காமலே தங்கள் நிலத்துக்கு எல்லை போட்டார்கள் என்பது அவ்வூர் மக்கள் இன்றுவரை சொல்லும் குறை. மனிதன் வந்துபோகும் விருந்தாளியாக மட்டும் இருக்கும் இடமே தூய கானகம் என்ற கருத்து 1964இல் அமெரிக்கச் சட்டமாகவே ஆனது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே மடிந்தவர்களை அந்தக் கருத்துக்குள் எங்கே வைப்பது?

1968இல், சரணாலயத்துக்கு மேற்கே புரூடோ விரிகுடாவில் வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. எண்ணெயைத் தெற்கே கொண்டுபோக 800 மைல் நீளக் குழாய் தேவைப்பட்டது. குழாய் போட வேண்டுமானால் நிலம் யாருடையது என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும். 1971இல் பழங்குடி நில உரிமைத் தீர்வுச் சட்டம் வந்தது. அலாஸ்காவின் பழங்குடிகளுக்கு 4 கோடியே 40 லட்சம் ஏக்கரும் 96 கோடியே 25 லட்சம் டாலரும் தரப்பட்டன. ஆனால் நிலம் பழங்குடி அமைப்புகளின் கையில் வரவில்லை. வட்டார நிறுவனங்கள், ஊர் நிறுவனங்கள் என்று கம்பெனிகள் அமைக்கப்பட்டு, மக்கள் பங்குதாரர்கள் ஆக்கப்பட்டார்கள். வேட்டைச் சமூகத்தை ஒரே கையெழுத்தில் பங்குதாரர் சமூகமாக மாற்றிய இந்தச் சட்டத்தின் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

1980 டிசம்பர் 2 அன்று, தேர்தலில் தோற்று வெளியேறும் நிலையில் இருந்த ஜிம்மி கார்ட்டர் அலாஸ்கா நிலங்கள் குறித்த பெரிய சட்டத்தில் கையெழுத்திட்டார். சரணாலயம் சுமார் 1 கோடியே 90 லட்சம் ஏக்கராக விரிந்தது. அதில் 80 லட்சம் ஏக்கர் தொடவே கூடாத கானகம் என்று வரையறுக்கப்பட்டது. கரையோரச் சமவெளி மட்டும் ஒத்திவைக்கப்பட்டது. 1002ஆம் பிரிவு அங்கே உயிரினங்களையும் எண்ணெய் வளத்தையும் ஆராயச் சொன்னது. அடுத்த பிரிவு, காங்கிரஸ் தனியே சட்டம் இயற்றாமல் அங்கே எண்ணெய் எடுக்கக் கூடாது என்றது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலிலேயே வைத்த கதை.

அதன் பிறகு அந்தச் சாவிக்கான போட்டிதான். 1987இல் உள்துறை எண்ணெய்க் குத்தகைக்குப் பரிந்துரைத்தது. 1989 மார்ச்சில் செனட் குழு ஒன்று அதற்கான மசோதாவுக்கு ஒப்புதல் தந்த சில நாட்களில், எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி ஒரு கோடி கேலனுக்கும் மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. மசோதா கிடப்பில் போனது. 1995இல் காங்கிரஸ் நிறைவேற்றியதைக் கிளின்டன் தம் அதிகாரத்தால் தடுத்தார். 2005இல் இராணுவச் செலவு மசோதாவோடு சேர்த்து நுழைக்கப் பார்த்தார்கள், செனட்டில் தோற்றது. கடைசியில் 2017 டிசம்பரில், வரிக் குறைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாகக் கதவு திறந்தது. வரிச் சட்டத்துக்கும் மான் ஈனும் நிலத்துக்கும் என்ன தொடர்பு என்றால், குத்தகைப் பணம் வரி இழப்பை ஈடுகட்டும் என்றார்கள்.

பந்தல் காலை மட்டும் அளந்தவர்கள்

எவ்வளவு எண்ணெய்? 1998இல் புவியியல் ஆய்வுத்துறை செய்த மதிப்பீட்டின்படி, சுற்றியுள்ள பழங்குடி நிலங்களையும் கரையோரக் கடலையும் சேர்த்து 570 கோடி முதல் 1,600 கோடி பீப்பாய் வரை எடுக்கக்கூடும், சராசரி 1,040 கோடி. இது மதிப்பீடு மட்டுமே. அந்தச் சமவெளியின் எல்லைக்குள் இதுவரை தோண்டிப் பார்த்தது ஒரே ஒரு கிணறு. 1980களின் நடுவில், காக்டோவிக் ஊர் நிறுவனத்தின் நிலத்தில் ஷெவ்ரானும் பிபியும் தோண்டிய அதன் முடிவு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரகசியமாகக் காக்கப்பட்டது. அதில் நம்பிக்கை தரும் எதுவும் கிடைக்கவில்லை என்று 2019இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது.

2017 சட்டம் ஒரு வரம்பு வைத்தது: எண்ணெய்க் கட்டுமானங்கள் 2,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை மூடக் கூடாது. 15 லட்சம் ஏக்கரில் 2,000 ஏக்கர் என்றால் கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் குழாய் விஷயத்தில் சட்டம் கணக்கிடுவது அதைத் தாங்கும் தூண்கள் தரையைத் தொடும் இடத்தைத்தான். தூணுக்குத் தூண் ஓடும் குழாய் கணக்கில் வராது. பந்தல் கால்கள் ஊன்றிய குழிகளை மட்டும் அளந்து, பந்தல் இவ்வளவு சிறியது என்று சொல்வது போன்றது இது. அந்தப் பந்தலுக்குள் எந்த மான் வந்து ஈனும்?

மான்கள் பழகிக்கொள்ளும் என்பது எண்ணெய் ஆதரவாளர்களின் நெடுநாள் வாதம். புரூடோ விரிகுடாவைச் சுற்றித் திரியும் மத்திய ஆர்க்டிக் கூட்டத்தை அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். 1970களில் சுமார் 5,000 ஆக இருந்த அது, எண்ணெய் வயலுக்கு நடுவிலேயே 2010 வாக்கில் 70,000 அளவுக்குப் பெருகியது உண்மை. 2016இல் சுமார் 22,000 ஆகச் சரிந்ததும் உண்மை. ஆகவே எண்ணிக்கையை மட்டும் காட்டி எந்தப் பக்கமும் வாதாட முடியாது. பார்க்க வேண்டியது, ஈனும் பெண் மான்கள் எங்கே போகின்றன என்பதை. குட்டியோடு இருக்கும் தாய்கள் சாலையிலிருந்தும் கட்டுமானத்திலிருந்தும் பல கிலோமீட்டர் விலகிப் போவதையும், எண்ணெய் வயல் விரிய விரிய ஈனும் இடம் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்ததையும் ஆய்வுகள் காட்டின. வயல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அவை முழுமையாகப் பழகிவிடவில்லை. அங்கே விலகிப் போக இடம் இருந்தது, புரூடோ பக்கத்தில் சமவெளி அகலமானது. சரணாலயத்திலோ மலை கடலை நெருங்கி வருகிறது. சமவெளியின் அகலம் 25 முதல் 65 கிலோமீட்டர்தான். விலகினால் கழுகும் ஓநாயும் கரடியும் காத்திருக்கும் அடிவாரத்துக்குத்தான் போக வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த முழு விவகாரத்திலும் கனமான உண்மை இந்த அகலம்தான்.

பனிக்காலத்தில் மட்டும் வேலை செய்தால் தீங்கில்லை என்பார்கள். மான்கள் அப்போது தெற்கே இருக்கும் என்பது சரி. ஆனால் துருவக் கரடிகள் இருக்கும். கடல்பனி குறையக் குறைய, தெற்கு போஃபோர்ட் கடலின் பெண் கரடிகள் கரையில் பனிக்குகை தோண்டிக் குட்டி போடுவது அதிகரித்திருக்கிறது. 2001 முதல் 2010 வரை அந்தக் கரடிகளின் எண்ணிக்கை சுமார் 40 சதவீதம் குறைந்து 900 அளவுக்கு வந்தது. குகைகளை முன்கூட்டியே கண்டு விலகிவிடலாம் என்று வானிலிருந்து வெப்பக் கேமராவால் தேடினார்கள். எண்ணெய் நிறுவனங்களின் அந்தத் தேடலில் பாதிக்கும் குறைவான குகைகளே பிடிபட்டன என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. அதோடு, 1984, 1985 பனிக்காலங்களில் நில அதிர்வு ஆய்வுக்காக ஓட்டிய கனரக வண்டிகளின் தடங்களில் சில, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அழியவில்லை. பாசி அமுங்கினால் அடியில் உள்ள உறைநிலம் இளகும். இளகினால் மண் தாழும், தடம் வாய்க்காலாகும். நம் வயலில் டிராக்டர் ஓடிய தடம் அடுத்த உழவில் மறைந்துவிடும். அங்கே உழவு கிடையாது.

இரண்டு ஊர்கள்

ஆர்க்டிக் வில்லேஜ் மலைக்குத் தெற்கே, சரணாலயத்தின் விளிம்பில் இருக்கும் குவிச்சின் ஊர். சாலை இல்லை, சிறு விமானம்தான். கடையில் கிடைக்கும் எதுவும் பறந்து வந்ததால் விலை அதிகம். ஆகவே இறைச்சி என்றால் கரிபுதான். மெல்லிய கீற்றுகளாக அறுத்து, கம்பங்களில் தொங்கவிட்டு, கீழே புகையிட்டு உலர்த்துகிறார்கள். தோல், எலும்பு, நரம்பு எதுவும் வீணாவதில்லை. கரிபுவின் இதயத்தில் ஒரு துண்டு தங்களிடமும், தங்கள் இதயத்தில் ஒரு துண்டு கரிபுவிடமும் இருப்பதாக அவர்கள் சொல்வார்கள். அலாஸ்காவிலும் கனடாவிலுமாகப் பதினைந்து ஊர்கள் அளவில் பரவி வாழும் குவிச்சின் மக்கள் சுமார் 9,000 பேர். பஞ்ச காலத்தில்கூட ஈனும் நிலத்தில் கால் வைப்பதில்லை என்பது அவர்கள் மரபு. 1988 ஜூனில், நூறாண்டுக்குப் பிறகு முதன்முறையாக எல்லா ஊராரும் ஆர்க்டிக் வில்லேஜில் கூடினார்கள். ஒரே தீர்மானம்: அந்த நிலத்தைக் காப்பது. அந்தக் கூட்டத்தில் பிறந்த வழிகாட்டுக் குழு இன்றுவரை இயங்குகிறது. அதன் முன்னோடிகளான சாரா ஜேம்ஸ், நோர்மா காசி, ஜோனதன் சாலமன் மூவருக்கும் 2002இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 1971 சட்டம் தந்த பணத்தையும் கம்பெனி அமைப்பையும் வேண்டாம் என்று மறுத்து, 18 லட்சம் ஏக்கர் நிலத்தை நேரடியாக வாங்கிக்கொண்ட ஊர்கள் ஆர்க்டிக் வில்லேஜும் வெனிட்டியும்.

காக்டோவிக் கதை வேறு. பார்ட்டர் தீவில், கடலோரத்தில், முந்நூறுக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர். 1947இல் அமெரிக்க விமானப்படை ஓடுதளம் போட வந்தபோது இவர்களைத் தங்கள் இடத்திலிருந்து அகற்றியது. 1964க்குள் மொத்தம் மூன்று முறை ஊர் பெயர்க்கப்பட்டது. இதற்கிடையே சரணாலயம் வந்து சுற்றிலும் கோடு போட்டது. 1972இல் இனுப்பியாட் தலைவர் எபென் ஹாப்சன் முதலியோரின் முயற்சியில், புரூக்ஸ் மலைக்கு வடக்கே உள்ள வடசரிவுப் பகுதி மக்கள் தங்களுக்கென ஓர் உள்ளாட்சியை அமைத்தார்கள். எண்ணெய் நிறுவனங்கள் நீதிமன்றம் போய் எதிர்த்தன. உள்ளாட்சி வென்றது. புரூடோ விரிகுடாவின் எண்ணெய்க் கட்டுமானங்கள்மீது விதித்த சொத்து வரியில்தான் ஊருக்குப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, தீயணைப்பு வண்டி, குழாய்த் தண்ணீர் எல்லாம் வந்தன. அதுவரை வீட்டு மூலையில் ஒரு வாளிதான் கழிப்பறை. நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைக்க வேண்டும். பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய் விடுதியில் இருக்க வேண்டும். இதை அனுபவித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதனால் காக்டோவிக்கில் பலர் எண்ணெய்க்கு ஆதரவு தெரிவிப்பதைப் பேராசை என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடியாது. ஊர் நிறுவனத்துக்கு அந்தச் சமவெளியில் 92,000 ஏக்கர் சொந்தம். அதன் அடிமண் உரிமை வட்டார நிறுவனத்துடையது. சொந்த நிலத்தில் சொந்த முடிவு எடுக்க விடுங்கள் என்கிறார்கள். அதே மக்கள், கடலில் எண்ணெய் தோண்டுவதைப் பலமுறை எதிர்த்திருக்கிறார்கள், ஏனென்றால் கடல் அவர்களுக்குத் திமிங்கிலம் தரும் இடம். காக்டோவிக்கிலும் ஊரே ஒரே குரலில் பேசவில்லை. கரிபுவை உண்டு வளர்ந்தவர்கள் அங்கேயும் உண்டு, எண்ணெய் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களும் உண்டு.

இரண்டு ஊர்களுக்கு நடுவே இந்தப் பிளவை உண்டாக்கியது எது என்று யோசித்தால் 1971 சட்டத்தில்தான் போய் நிற்கிறது. நல்ல தண்ணீரும் பள்ளிக்கூடமும் ஒரு குடிமகனுக்கு அரசு தர வேண்டியவை. அவற்றைத் தோண்டி எடுக்கும் எண்ணெயோடு முடிச்சுப் போட்டது வாஷிங்டன். முடிச்சுப் போட்டவர்கள் ஒதுங்கிக்கொள்ள, பழங்குடி பழங்குடியோடு மல்லுக்கு நிற்கிறது.

ஏலத்துக்கு வராதவர்கள்

2017 சட்டம் இரண்டு ஏலங்களை ஆணையிட்டது. மத்திய அரசின் பங்காகப் பத்தாண்டுகளில் 100 கோடி டாலருக்கு மேல் வரும் என்று காங்கிரஸின் வரவு செலவு அலுவலகம் கணித்திருந்தது. முதல் ஏலம் 2021 ஜனவரி 6 அன்று நடந்தது. பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றுகூட வரவில்லை. மொத்தக் கேட்பு 1 கோடியே 44 லட்சம் டாலர். ஏலம்போன 11 துண்டுகளில் 9ஐ எடுத்தது அலாஸ்கா அரசின் சொந்தத் தொழில் வளர்ச்சி ஆணையமே. மற்ற இரண்டை எடுத்த சிறு நிறுவனங்கள் பின்னர் குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டன. அதற்குள் அமெரிக்காவின் ஆறு பெரிய வங்கிகளும் ஆர்க்டிக் எண்ணெய்க்குக் கடன் தருவதில்லை என்று அறிவித்திருந்தன. குவிச்சின் பெண்கள் வங்கிகளின் கூட்ட அறைகளுக்கே போய்ப் பேசியதன் பயன் அது.

பைடன் அரசு 2023இல் மீதமிருந்த குத்தகைகளை ரத்து செய்தது. இரண்டாம் ஏலத்தைச் சட்டக் கட்டாயத்தால் 2025 ஜனவரியில் நடத்துவதாக அறிவித்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2025 மார்ச்சில், குத்தகை ரத்து முறைப்படி செய்யப்படவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலையில் வந்த புதிய சட்டம் பத்தாண்டுகளுக்குள் குறைந்தது 4 ஏலங்கள் நடத்தியாக வேண்டும் என்கிறது. அக்டோபரில் டிரம்ப் அரசு கரையோரச் சமவெளி முழுவதையும் குத்தகைக்குத் திறப்பதாக அறிவித்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு விதி மாறுகிறது. சாலையற்ற, ஆழத்தில் என்ன இருக்கிறதென்று உறுதியில்லாத இடத்தில், அடுத்த ஆட்சியில் நிலைக்குமா என்று தெரியாத குத்தகைக்கு முதலாளிகளே தயங்குகிறார்கள். அதை நம்பிப் பட்ஜெட் போடு என்று ஒரு சிறு ஊரிடம் சொல்வது நியாயமில்லை.

எல்லைக்கு அப்பால்

அதே சமவெளி கிழக்கே கனடாவுக்குள் நீள்கிறது. 1970களில் அங்கேயும் ஒரு குழாய்த் திட்டம் வந்தது. வட யூகான் கரை வழியாகவும் மெக்கன்சி பள்ளத்தாக்கு வழியாகவும் எரிவாயுக் குழாய். கனடா அரசு தாமஸ் பெர்கர் என்ற நீதிபதியை 1974இல் விசாரணைக்கு அமர்த்தியது. அவர் 35 ஊர்களுக்கு நேரில் போனார். ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளர் வைத்து, வேட்டைக்காரர்களும் கிழவிகளும் பேசி முடிக்கும்வரை கேட்டார். வானொலி அதை அவர்கள் மொழிகளிலேயே ஒலிபரப்பியது. 1977இல் வந்த அறிக்கையின் தலைப்பில் வடக்கை எல்லைப்புறம் என்றும் தாயகம் என்றும் ஒருசேர அழைத்தார். வட யூகானில் குழாய் எப்போதுமே கூடாது, மெக்கன்சியில் பழங்குடி நில உரிமை தீரும்வரை 10 ஆண்டுகள் கூடாது என்பது அவர் பரிந்துரை. பிற்பாடு அவரே அலாஸ்கா ஊர்களுக்கும் போய், 1971 சட்டம் அம்மக்களை எங்கே கொண்டுவிட்டது என்று எழுதினார்.

பெர்கர் விதைத்தது 1984இல் விளைந்தது. கனடாவின் வடமேற்குக் கரையில் வாழும் இனுவியாலுயிட் பழங்குடி மக்களோடு செய்துகொண்ட நில ஒப்பந்தத்தின் வழியே வட யூகானில் ஒரு தேசியப் பூங்கா உருவானது. பழங்குடி நில ஒப்பந்தத்தால் பிறந்த கனடாவின் முதல் தேசியப் பூங்கா அது. இப்போது அதன் பெயர் இவ்வாவிக். இனுவியாலுயிட் மொழியில் ஈனும் இடம் என்று பொருள். அங்கே எண்ணெய்க்கு இடமில்லை, பழங்குடிகளின் வேட்டைக்கு இடம் உண்டு, நிர்வாகத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. 1995இல் ஓல்ட் குரோவில் வாழும் குவிச்சின் மக்களோடு செய்த ஒப்பந்தத்தால் பக்கத்திலேயே வுன்டுட் பூங்காவும் வந்தது. கனடா கைசுத்தம் என்று சொல்ல வரவில்லை, கரிபுவின் குளிர்கால நிலத்தை டெம்ஸ்டர் நெடுஞ்சாலை குறுக்கே வெட்டிப் போகிறது. ஆனால் ஈனும் நிலத்தைப் பொறுத்தவரை அங்கே கேள்வி முடிந்துவிட்டது. முதலில் மக்களைக் கேட்டார்கள், பிறகு கோடு போட்டார்கள். 1987இல் கூட்டத்தைக் காப்போம் என்று கனடாவோடு ஒப்பந்தம் போட்ட அமெரிக்கா, தன் பக்கத்தில் அந்தக் கடமையை இன்னும் முடிக்கவில்லை.

முடிக்க வழி இருக்கிறது. 1976இல் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கித் தொடங்கிய நிரந்தர நிதி 2025இல் 8,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதன் பெரும்பகுதி வடசரிவின் மண்ணிலிருந்து வந்தது. அந்த மண்ணின் ஊர்களுக்குத் தண்ணீரும் பள்ளியும் மருத்துவமும் இனி எடுக்கும் எண்ணெயை நம்பி இருக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே எடுத்த எண்ணெயின் பணமே போதும். அதை உறுதி செய்துவிட்டு, காக்டோவிக்கையும் ஆர்க்டிக் வில்லேஜையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, அவர்கள் கையொப்பத்தோடு அந்த 15 லட்சம் ஏக்கரைச் சட்டத்தால் மூட வேண்டும். சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் அந்த 4 ஏலங்களில் ஒன்றுகூட நடக்கக் கூடாது.